நோட்டு விளக்கு

விரலை உள்ளே விடாதீர்கள். கடிக்காது, ஆனாலும் விடாதீர்கள். கம்பியில் முகத்தைத் தேய்க்கிறதே என்று பாவம் பார்க்கக் கூடாது. எல்லோரிடமும் அப்படித்தான் தேய்க்கும். கூடையை என் காலுக்கடியில் வைத்துக்கொள்கிறேன், உங்கள் புடவையில் படாது. கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்தால் போதும். பெருந்துறை வரைக்கும் நின்றுகொண்டு போக என்னால் ஆகாது.

வயிற்றைப் பார்த்துவிட்டீர்களா? எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். அடிவயிறு, தொடையின் உள்பக்கம், சவரம் செய்தது போல. முடி இல்லையே தவிர தோல் சுத்தமாக இருக்கிறது, பாருங்கள். சிவப்பு இல்லை, செதில் இல்லை. இது படர்தாமரை கிடையாது. படர்தாமரை என்றால் வட்டமாக வரும், ஓரம் சிவந்து நடுவில் வெளுத்திருக்கும். பயப்படாதீர்கள், ஒட்டாது. இப்போது இதனிடமிருந்து ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் நாயா? சொறிகிறதா? எங்கே சொறிகிறது என்று பார்த்தீர்களா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாலுக்கு மேலே இடுப்பில் என்றால் தெள்ளுப்பூச்சி. காதோரமும் முழங்கையும் என்றால் அது வேறு பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். என்ன தடவுகிறீர்கள்? வேஸ்ட் ஆயிலா? ஐயையோ. எல்லோரும் லாரிப் பட்டறையிலிருந்து அதைத்தான் வாங்கிவந்து தடவுகிறார்கள். நாய் நக்கும், ஈரல் போய்விடும். வாயில்லாத ஜீவன், எரிகிறது என்று சொல்லத் தெரியுமா அதற்கு? என்ன நோய் என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததைத் தடவுவது பெரிய பாவம். நான் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. இரண்டு வருடமாகக் கால்நடை டாக்டரம்மாவிடம் போய்வருகிறேன். பாதி டாக்டர் ஆகிவிட்டேன் என்று எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

இது என் மருமகள் கொண்டுவந்த பூனை. மருமகள் என்று பழக்கத்தில் வருகிறது. வினோதினி என்று பெயர். கோபிப் பக்கம், ஒரே பெண், கோயமுத்தூரில் படித்தவள். குறை சொல்ல மாட்டேன். நான் யாரையும் குறை சொல்கிற ஆள் கிடையாது. கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும், அவளுடைய அப்பா காரில் வந்து இறங்கினார், கையில் இந்தக் கூடை. உள்ளே இது. அப்போது முடி இப்படி இருக்காது, பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும். பட்டாணி என்று பெயராம்.

"சீர்வரிசையில இது சொல்லலியே அம்மிணி" என்றேன்.

"சீர் இல்லீங்கத்தை. இது தனியா வந்துருச்சு" என்று சிரித்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அது கட்டிலில் ஏறிப் படுத்தது, சொல்லவில்லை. என் பையன் தரணியின் தலையணையில் படுத்தது, சொல்லவில்லை. மாடியிலிருந்து அவள் அதனோடு பேசுவது கேட்கும். எங்களோடு பேசுவதைவிட அதிகமாகப் பேசுவாள். அதையும் சொல்லவில்லை. என் மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்துவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது நெற்றியில் வட்டமாக ஒன்றோடு போனாளே, அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

வினோதினிதான் டாக்டரம்மாவிடம் போகலாம் என்றாள். நானும் கூடப் போனேன். அங்கேதான் அந்த விளக்கைப் பார்த்தேன். டாக்டரம்மா ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்து, ஊதாவாக ஒரு விளக்கைப் பூனையின் மேல் காட்டினார். காதோரத்தில் பச்சையாக எரிந்தது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சும்மா கொஞ்சம் முடி உதிர்ந்த மாதிரி. இருட்டில் அந்த விளக்கைக் காட்டினால் ஒளிந்துகொண்டிருந்ததெல்லாம் வெளியே வருகிறது. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. இப்படியொரு விளக்கு இருக்கும்போது மனிதர்கள் எதற்காக வாயால் கேட்டு உண்மையைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள்?

"இது எங்க மண்டியிலயே இருக்குதுங்களே. கள்ள நோட்டுப் பாக்குற விளக்கு" என்றேன்.

எங்களுக்கு மஞ்சள் மண்டி. பெருந்துறையில் கேட்டால் யாரும் சொல்வார்கள்.

டாக்டரம்மா சிரித்தார். "கிட்டத்தட்ட அதேதாங்கம்மா. ஆனா வெளிச்சத்தை மட்டும் நம்பக் கூடாது. சோப்புத் தூளுக்கும் எரியும், களிம்புக்கும் எரியும். முடியப் பிடுங்கி, அதுல பூஞ்சை வளருதான்னு வளர்த்துப் பாத்துத்தான் நாங்களே முடிவா சொல்லுவோம்" என்று என்னென்னவோ சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் முக்கியம். "மனுசங்களுக்கும் ஒட்டும். வீட்டுல எல்லாரும் பாத்துக்கங்க."

பூனைக்கு முடியை ஒட்ட வெட்ட வேண்டும். மாத்திரை கொடுக்க வேண்டும். கந்தகத் தண்ணீர் என்று ஒன்று, மஞ்சளாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம். அதில் முக்கி எடுத்துக் கழுவாமல் அப்படியே காயவிட வேண்டும். பூனை படுத்த துணியெல்லாம் வெந்நீரில் போட வேண்டும், துணியில்தான் நோய் ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் எல்லாம் செய்தாள். செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கையுறை போட்டுக்கொண்டு, பாத்ரூமில் தரையில் உட்கார்ந்து, தன்னுடைய பழைய நைட்டியில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, முடிஞ்சுது முடிஞ்சுது என்று சொல்லிக்கொண்டே செய்வாள். பூனைக்குக் குணமாகிக்கொண்டு வந்தது.

நான் தரணியிடம் சொல்லி மண்டியிலிருந்து விளக்கைக் கொண்டுவந்தேன். கைக்கு அடக்கமாக, டார்ச் மாதிரி. எங்கள் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "அத எதுக்குப் புள்ள எடுத்தாரச் சொன்ன? நம்ம மண்டியில அதுல ஒண்ணும் செரியாத் தெரியாது. மஞ்சத் தூளு ஒட்டுன நோட்டெல்லாம் பச்சையா எரியும்" என்றார்.

"நோட்டைப் பத்தியா பேசறோம்? நீங்க காப்பியக் குடிங்க" என்றேன். குடித்தார். அவருக்கு மண்டியைத் தவிர வேறு நினைப்பு கிடையாது.

வினோதினிக்கு விளக்கைக் காட்டிப் பார்ப்பதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொண்டேன். சாமிக்கு விளக்கு வைத்த கையோடு. ஏன் வெள்ளிக்கிழமை என்று அவள்கூடக் கேட்டாள். அன்றைக்குத்தானே பெண்கள் எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசிக் குளித்து, தாலிச்சரட்டுக்கு மஞ்சள் வைத்து, உடம்பு சுத்தமாக இருக்கிற நாள்? அழுக்கோடு இருக்கும்போது பார்த்து என்ன தெரியப்போகிறது? சுத்தமாக இருக்கும்போதும் எரிந்தால் அதுதானே நோய்? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசாமல் ஒருத்தி பச்சைத்தண்ணீர் குடிக்க முடியாது. கடைப் பொடி கிடையாது. குண்டு மஞ்சள், எங்கள் மண்டிச் சரக்கு, கல்லில் நானே இழைத்துக் கொடுப்பேன். அவளுக்குப் பழக்கமில்லை, வந்த புதிதில் பட்டும் படாமலும் பூசிக்கொண்டு வருவாள். நான்தான் கழுத்தில், கன்னத்தில், மார்பில் என்று நன்றாகப் பூசக் கற்றுக்கொடுத்தேன்.

முதல் தடவை சிரித்துக்கொண்டுதான் நின்றாள். "என்னைய நோட்டு மாதிரி பாக்கறீங்களேங்கத்தை."

"நல்ல நோட்டுக்கு என்ன பயம்?" என்றேன்.

லைட்டை அணைத்து விளக்கைக் காட்டினேன். கழுத்தெல்லாம் பச்சை. தாலிச்சரடு ஓடுகிற இடம் கோடு போட்ட மாதிரி. கன்னத்தில், தாடைக்குக் கீழே, ஜாக்கெட் ஓரத்தில். பூனைக்காவது காதில் கொஞ்சம்தான் இருந்தது. இவளுக்கு மார்பு வரைக்கும் படர்ந்துவிட்டிருந்தது. முகத்தை நிமிர்த்திப் பார்க்கலாம் என்று தாடையைத் தொட்டேன், என் விரலிலும் பச்சை. தொட்ட உடனே ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவு வீரியம். டெட்டால் போட்டுக் கழுவினேன். போகவில்லை. மறுநாள் பார்த்தாலும் நகக்கண்ணில் இருந்தது.

அன்றைக்கே அவள் படுக்கையைக் கீழே ஸ்டோர் ரூமுக்கு மாற்றினேன். தனித் தட்டு, தனி டம்ளர். துணிகளைத் தனியாக ஊறவைக்கச் சொன்னேன். தரணிக்கு ஒட்டினால் என்ன ஆவது? மண்டியில் அவன் கைபட்ட சரக்கை யார் வாங்குவார்கள்? கோபமாகச் சொல்லவில்லை, பக்குவமாகத்தான் சொன்னேன். தரணி சின்ன வயதிலிருந்தே அப்படி, என்னை எதிர்த்து ஒரு வார்த்தை வராது. அந்த மாதிரிப் பிள்ளை இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும்?

சாரல் அடிக்கிறதா? ஷட்டரை இறக்கிவிடுங்கள். இறங்கவில்லையா? இந்த பஸ்ஸில் எதுதான் ஒழுங்காக இருக்கிறது?

எங்கே விட்டேன்? ஆமாம். நான் நியாயமில்லாதவள் கிடையாது. அவளிடம் சொன்னேன், ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை உன் மேல் விளக்கைக் காட்டி எரியாமல் இருந்தால் போதும், மாடிக்குப் போய்க்கொள் என்று. இதைவிட யார் விட்டுக்கொடுப்பார்கள்? அவளும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து நின்றாள். களிம்பு தடவினாள், மாத்திரை சாப்பிட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எரிந்தது. எனக்கே மனசு கேட்கவில்லை. இன்னும் நல்லாத் தேச்சுக் குளி அம்மிணி என்று மஞ்சளைக் கூடுதலாக இழைத்துக் கொடுத்தேன்.

அதற்குள் பூனைக்குச் சரியாகிவிட்டது. டாக்டரம்மா முடியை எடுத்து வளர்த்துப் பார்த்துவிட்டு, சுத்தமா இருக்குது, இனிமேல் ஒன்றுமில்லை என்றார். வினோதினி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பட்டாணிக்குச் செரியாப் போச்சுங்கத்தை. டாக்டரே சொல்லிட்டாங்க. இனி மாடிக்குப் போகட்டுங்களா?"

நான் யோசித்தேன். பூனைக்கு இல்லை, இவளுக்கு இருக்கிறது. அப்படியானால் யாரிடமிருந்து யாருக்கு வந்திருக்கும்? இத்தனை நாள் இந்த வாயில்லாத ஜீவனைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடையை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"இத்தன பாடுபட்டு அதுக்குக் கொணமாயிருக்குது. மறுபடியும் நீ ஒட்ட வெச்சராத. ஒரு வெள்ளிக்கிழமை சுத்தமா இரு, பூனையையும் எடுத்துக்க" என்றேன்.

அன்றிலிருந்து பட்டாணி என் அறையில். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வந்து உட்காருவாள், இந்தப் பக்கம் இது போய் உட்காரும். நான் கதவிடுக்கில் சாக்கை மடித்து வைத்தேன். விரலை விட்டுத் தொடுவாள், எனக்குத் தெரியும்.

நடுவில் சம்பந்தியம்மா வந்து அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஒன்றும் இல்லை என்றாராம். எப்படித் தெரியும்? பகல் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். விளக்கை எடுத்துவரவேயில்லையாம். வியாழக்கிழமை போயிருக்கிறார்கள் வேறே. நான் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன், "நாளைக்குச் சாயங்காலம் இருந்து உங்க கண்ணால பாத்துட்டுப் போங்க." இருந்தார்கள். பார்த்தார்கள். மகள் கழுத்து எரிகிறதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கந்தகத் தண்ணீர். பூனைக்கு வாங்கியது பாட்டிலில் மிச்சம் இருந்தது. பூனைக்கு நல்லதென்றால் மனிதருக்கு மட்டும் கெடுதலா? நானே கலந்து கொடுத்தேன். கழுவாதே, அப்படியே காயவிடு என்று டாக்டரம்மா சொன்னபடியே சொன்னேன். எரியுதுங்கத்தை என்றாள். மருந்தென்றால் எரியத்தான் செய்யும், எரிந்தால்தான் வேலை செய்கிறதென்று அர்த்தம். தோல் சிவந்து உரிந்தது. உரிந்தால் புதுத் தோல் வரும். காலில் மெட்டி, கொலுசு எல்லாம் கறுத்துப்போயின. வெள்ளியையே கறுக்க வைக்கிறதென்றால் உடம்பில் எவ்வளவு நோய் இருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். வீடெல்லாம் நாற்றம். தரணி அவள் இருக்கும் பக்கம் வருவதை விட்டுவிட்டான். நான் ஒன்றும் தடுக்கவில்லை, அவனாகத்தான் விட்டான்.

முடியும் அப்படித்தான். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். நோய் முடியில்தான் குடியிருக்கிறது என்று டாக்டரம்மாவே சொன்னது. இடுப்பு வரைக்கும் இருக்கும் அவளுக்கு. உட்கார்த்தி வைத்து, "முடி இருந்தா விளக்கு பொய் சொல்லும்னு நாளைக்குப் பேசுவ. வெட்டிட்டா ஒரே வாரம், பட்டாணி உன் மடியில" என்றேன். அவளே பின்னலைத் தூக்கிக் கொடுத்தாள். நான் பலவந்தம் செய்யவில்லை. பூனைக்கு வாங்கிய மிஷின் இருந்தது, பிடரியை அதில் ஒட்ட எடுத்தேன். கழுத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சொன்னபடி திருப்பினாள். நல்ல பெண்தான். நான்தான் சொன்னேனே, குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் எல்லாம் வந்தது.

சாயங்காலம் சாமி அறையிலிருந்து வந்தேன். ஹாலில் லைட்டை அணைத்துவிட்டு அவளே நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக நான் கூப்பிடுவேன், பிறகுதான் வருவாள். எங்கள் வீட்டுக்காரரும் தரணியும் மண்டியிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் விளக்கைக் காட்டினேன். எரியவில்லை. கழுத்தில் இல்லை, கன்னத்தில் இல்லை. சரட்டில்கூடக் கொஞ்சமாகத்தான் இருந்தது. ஊதா வெளிச்சத்தில் அவள் முகம் கறுப்பாக, கண்கள் மட்டும் தெரிய நின்றாள். நான் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தேன்.

"மஞ்சள் பூசலையா நீ?"

"இல்லீங்கத்தை."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"மூணு நாளாப் பூசலீங்கத்தை. சீயக்காய் போட்டுத் தேச்சுத் தேச்சுக் குளிச்சேன். சரட்டைக்கூட அலசிட்டேன். பாருங்க, எரியறதில்ல. மஞ்சள்தாங்கத்தை எரிஞ்சுது. நோய் இல்ல. வேணும்னா பாருங்க."

சொல்லிவிட்டு என் கையிலிருந்து விளக்கைப் பிடுங்கினாள். மாமியார் கையிலிருந்து. பிடுங்கி வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தாள். என் கழுத்தில் அடித்தாள். நிலைக்கண்ணாடி எதிரிலேயே இருந்தது. பார்த்தேன். கன்னம், கழுத்து, தாலி, கை இரண்டும் பச்சையாக எரிகிறது. பிறகு தரணி பக்கம் திருப்பினாள். அவனுடைய சட்டை, முழங்கை வரைக்கும் கை, தலைமுடி. பிறகு எங்கள் வீட்டுக்காரர். அவர் வேட்டியெல்லாம் பச்சை. இருட்டில் நாங்கள் மூன்று பேரும் எரிந்துகொண்டு நிற்கிறோம். எரியாமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

எவ்வளவு திட்டம் பாருங்கள். குடும்பத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எங்களுக்கெல்லாம் ஒட்டவைத்துவிட்டு, தான் மட்டும் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்து நிற்கிறாள்!

அவள் தரணியிடம் திரும்பினாள். "நீங்களாச்சும் சொல்லுங்க மாமா. தெனமும் மண்டியில நோட்டப் பாக்கறவரு நீங்க. இது என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தரணி தன் கையைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"அம்மா சொல்றதக் கேளு வினோ" என்றான்.

பார்த்தீர்களா? அதுதான் பிள்ளை. எங்கள் வீட்டுக்காரர் என்னமோ சொல்ல வாயெடுத்தார், நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட என் மனசு இளகியிருக்கும். விளக்கை டீப்பாயில் வைத்துவிட்டு, "செரிங்கத்தை. ஒரு வெள்ளிக்கிழமை சுத்தமா இருந்தா எடுத்துக்கன்னு சொன்னீங்க. இருந்துட்டேன். மாடி வேண்டாம். பட்டாணியக் குடுங்க, போறேன்" என்றாள்.

"மாமியார் மூஞ்சியில விளக்கு அடிக்கறவளுக்கு என்ன பேச்சு? வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசாம நிக்கறவளுக்கு இந்த வீட்டுல என்ன இருக்குது?" என்றேன்.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். இரண்டு பெட்டியைக் காரில் வைத்தார். அவள் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். பட்டாணி உள்ளே என் அறைக் கதவைப் பிறாண்டுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பூனைக்கென்ன தெரியும்? நல்லது கெட்டது அதற்குத் தெரியுமா? அந்தப் பெரிய மனுசர் என்னிடம் கை கூப்பினார். "வேற எதுவும் கேக்கலீங்க. நகை நட்டு எதுவும் வேண்டாம். அந்தப் பூனைய மட்டும்." நகையைவிடப் பூனை பெரிதாகப் போய்விட்டது, என்ன வளர்ப்பு! நோய் பிடித்தவளிடம் ஆரோக்கியமான ஜீவனைக் கொடுக்க மாட்டேன், நான் இருக்கும்வரைக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் இந்த வயிறு. வீட்டில் எங்களுக்கெல்லாம் இப்போது எப்படி இருக்கிறது என்கிறீர்களா? எங்களுக்கென்ன, நன்றாக இருக்கிறோம். விளக்கைத்தான் அன்றைக்கே மண்டிக்குத் திருப்பி அனுப்பிவிட்டேனே.

பூனைதான் நக்கிக்கொண்டே இருக்கிறது. பகலெல்லாம். சாப்பாடு வைத்தால் ஒரு வாய், பிறகு நக்கல். பழைய நோய் திரும்பிவிட்டதோ, அவள் விட்டுவிட்டுப் போனது உள்ளே இருக்கிறதோ என்று டாக்டரம்மாவிடம் எடுத்துவந்தேன். தரணியைக் கூப்பிட்டால் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறான். காரையும் தரமாட்டேன் என்கிறான், அதனால்தான் இந்த பஸ். இன்றைக்கும் அங்கிருந்துதான் வருகிறேன்.

டாக்டரம்மா நாலு முடியைப் பிடுங்கிக் கண்ணாடியில் வைத்து, என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். "வேரு நல்லா இருக்குது பாருங்கம்மா. நுனிதான் ஒடஞ்சிருக்கு. முடி தானா உதிரலை. இதுவே நக்கி நக்கிப் பிச்சு எடுக்குது. தோல்ல ஒரு நோயும் கெடையாது."

"பின்ன எதுக்கு நக்குது?"

"மனசு சரியில்லாட்டிப் பூனைங்க இப்படிப் பண்ணும். இது யாரையோ தேடுது" என்று சொல்லிவிட்டு, "அவங்க வெளிய நிக்கறாங்கம்மா. போன தடவையும் வந்தாங்க, நீங்க இருக்கறதப் பாத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு நிமிசம் உள்ள வரட்டுங்களா?" என்றார்.

பாருங்கள், டாக்டருக்கே தூது போகிற வேலை. பூனை பயந்துக்கும் என்றேன். டாக்டரம்மா வெளியே போய்விட்டு வந்தார். கையில் ஒரு துணி. அந்தப் பழைய நைட்டி, பாதியாகக் கிழித்தது. தான் போட்டுப் படுத்ததைத் துவைக்காமல் கொடுத்தனுப்பியிருக்கிறாளாம். "இத மட்டும் கூடைக்குள்ள போட்டு வையுங்கம்மா. வாசனை இருந்தா நக்கறது கொறையும். வேற மருந்து எங்கிட்ட இல்ல" என்று அவரே உள்ளே வைத்தார்.

இது முதலில் காதைத் தூக்கியது. பிறகு துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். நக்கவில்லை. ஊசி போட்ட களைப்பாக இருக்கும். வெளியே வரும்போது அவள் இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். துப்பட்டாவுக்கு வெளியே முடி கொஞ்சம் வளர்ந்து தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தாள். நான் ஆட்டோவில் ஏறி பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டேன். ஏறின உடனே துணியை உருவி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். துணியில்தானே நோய் ஒட்டியிருக்கும்? டாக்டரம்மா மறந்துவிட்டார், நான் மறப்பேனா? அவளுடைய நோயை மறுபடி இதற்கும், தொடுகிறவர்களுக்கும் ஒட்டவிடுவேனா?

கத்தட்டும். கொஞ்சநேரத்தில் அடங்கிவிடும்.

ஆமாம், மறுபடி நக்க ஆரம்பித்துவிட்டது. அது அப்படித்தான்.

கோர்ட்டில் கொடுத்திருக்கிறோம், தை மாதத்துக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள். தரணிக்குக் காங்கேயம் பக்கம் ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும், பெண்ணுக்குப் பூனை பிடிக்குமா என்று. பிடிக்காது என்றால் சரிப்படாது. இதை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது இனிமேல்.

மேட்டுக்கடை வந்துவிட்டதா? நீங்கள் இங்கேயா இறங்குகிறீர்கள்? பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை. நாய்க்கு ஆயில் தடவாதீர்கள், ஞாபகம் இருக்கட்டும். முதலில் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடடா, சாரலில் உங்கள் தோளெல்லாம் நனைந்துவிட்டதே, முகத்திலும் ஈரம். இருங்கள், இந்தாருங்கள், பையில் துணி இருக்கிறது. முகத்தை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். பழைய துணிதான், திருப்பித் தர வேண்டாம்.